ஒன்றே ஒன்று: ‘ஒன்லி வாட்ச்’ ஏலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் மத்தியில் வாட்ச் பைத்தியம் என்று பெயர் எடுத்தவன் நான். அதற்குத் தண்டனையாக, ஜெனீவாவில் ஒன்லி வாட்ச் ஏலம் நடக்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வந்து விழும்: “ஒரு வாட்ச் இத்தனை கோடியா? கேட்க ஆளே இல்லையா?” தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. இதுவரை வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசை என் இஷ்டம்.

ஒன்லி வாட்ச் என்பது என்ன?

ஒரு தர்ம ஏலம். வாட்ச் கம்பெனிகளும் தனி ஆளாகப் பட்டறை நடத்தும் கைவினைஞர்களும் ஆளுக்கு ஒரு வாட்ச் செய்து இலவசமாகக் கொடுப்பார்கள். அதே மாதிரி இன்னொன்றைப் பிறகு செய்யக்கூடாது என்பதுதான் நிபந்தனை. பெயரே அதிலிருந்து வந்தது. ஆரம்ப ஏலங்களில் முப்பது, நாற்பது வாட்ச்கள் சேர்ந்தன; 2017லிருந்து ஐம்பதை ஒட்டி. விற்று வரும் பணம் டூஷேன் தசைச் சிதைவு நோய்க்கான ஆராய்ச்சிக்குப் போகும்.

2005ல் மொனாக்கோவில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது கணக்கு. 2015லிருந்து ஏலம் ஜெனீவாவுக்கு மாறியது. மொனாக்கோ இளவரசர் இரண்டாம் ஆல்பர்ட் இதன் புரவலர்.

யார் ஆரம்பித்தது?

லுக் பெட்டாவினோ என்பவர். மொனாக்கோ படகுக் கண்காட்சியை நடத்திவந்தவர். கோடீஸ்வரர்கள் உல்லாசப் படகு வாங்க வரும் இடம் அது. அவர்களோடு புழங்கிப் பழகியவர். அவருடைய மகனுக்குச் சிறு வயதிலேயே டூஷேன் இருப்பது தெரிந்தது. 2001ல் மொனாக்கோவில் தசை நோய்களுக்கு எதிரான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். படகு வாங்க வருகிறவர்களின் மணிக்கட்டில் என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். முதல் ஏலம் அந்தப் படகுக் கண்காட்சியை ஒட்டியே நடந்தது.

மகன் 2016ல், 21 வயதில் இறந்துபோனார். ஏலம் அதன் பிறகும் நிற்கவில்லை.

டூஷேன் என்றால் என்ன நோய்?

தசை நாரைக் கிழியாமல் தாங்கிப் பிடிக்க டிஸ்ட்ரோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் பிழை இருந்தால் புரதம் உருவாகாது. தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. அம்மா வழியாக வரலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். சுமார் மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான்.

பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வயதில் பையன் அடிக்கடி விழுவான், படி ஏறத் திணறுவான். கெண்டைக்கால் மட்டும் நன்றாகப் பருத்திருக்கும். “பயில்வான் மாதிரி இருக்கான்” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தரையில் உட்கார்ந்தவன் எழும்போதுதான் விஷயம் வெளியே வரும். முதலில் குனிந்து தரையில் கையூன்றுவான். அப்புறம் ஒரு கையை முழங்காலில் வைப்பான், அடுத்த கையைத் தொடையில். தன் உடம்பைத் தானே ஏணியாக்கி அதன் மேல் ஏறுவதுபோல் எழுந்து நிற்பான். இதைப் பார்த்ததுமே குழந்தை மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வயதுவாக்கில் சக்கர நாற்காலி. பிறகு மூச்சுத் தசையும் இதயமும் பலவீனமாகும்.

தமிழ்நாட்டிலும் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். கோவையில் இந்த நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் குடும்பங்களுக்கான ஆலோசனையும் தரும் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் பல ஆண்டாக இயங்குகிறது.

‘சுயேச்சை’ வாட்ச்மேக்கர் என்கிறீர்களே, அது யார்?

சுயேச்சை என்றதும் தேர்தல் ஞாபகம் வருவது நியாயம்தான். இங்கேயும் கதை கிட்டத்தட்ட அதுதான்: பெரிய கட்சியில் சேராமல் சொந்தச் சின்னத்தில் நிற்பவர்கள். சுவிஸ் வாட்ச் தொழிலில் பெரும்பகுதி சில பெரிய குழுமங்களின் கையில் இருக்கிறது. அவற்றுக்கு வெளியே, தன் பெயரில் தானே வடிவமைத்து, தன் பட்டறையிலேயே செய்து விற்பவரைத்தான் சுயேச்சை என்கிறார்கள். 1985ல் ஸ்வெண்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலாப்ரேசே என்ற இருவர் இவர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து, கையால் செய்யும் தொழிலே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த காலம் அது.

சில பெயர்கள் தெரிந்திருந்தால் மேலே படிக்கச் சுலபம். எஃப்.பி. ஜூர்ன்: மார்செய்யில் பிறந்த பிரெஞ்சுக்காரர், பட்டறை ஜெனீவாவில். காரி வூட்டிலைனன்: பின்லாந்துக்காரர், சுவிட்சர்லாந்தில் குடியேறியவர், டயல் செய்ய ஆளைத் தேடி அலைவதற்குப் பதில் டயல் பட்டறையையே வாங்கிவிட்டவர். ரெஜெப் ரெஜெபி: கொசோவோவில் பிறந்து, போர்க் காலத்தில் சிறுவனாக சுவிட்சர்லாந்து வந்து, 15 வயதில் படெக் பிலிப் என்ற பெரிய சுவிஸ் வாட்ச் கம்பெனியில் தொழில் பழகி, 2012ல் அக்ரிவியா என்று சொந்தப் பட்டறை போட்டவர். இவர்களோடு டி பெத்தூன், ஊர்வெர்க், எம்.பி. அண்ட் எஃப் போன்ற சிறு நிறுவனங்களும் உண்டு. எல்லோருமே இந்த ஏலத்துக்கு வாட்ச் கொடுத்தவர்கள்.

‘ஒன்றே ஒன்று’ என்றால் அடியிலிருந்து புதிதாகச் செய்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை, இதில் ஏமாறக்கூடாது. உள்ளே ஓடும் மெஷின் ஏற்கெனவே இருப்பதுதான். கேஸை, அதாவது வெளிக்கூட்டை, வேறு உலோகத்தில் செய்வார்கள், டயல் நிறத்தை மாற்றுவார்கள், ‘ஒன்லி வாட்ச்’ என்று எங்காவது பொறிப்பார்கள். 2021ல் ஆரஞ்சுதான் ஏலத்தின் நிறம் என்பதால் பாதி வாட்ச்களில் ஏதோ ஒரு மூலையில் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. பெரிய கம்பெனி இப்படிச் செய்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும்.

சின்னப் பட்டறைகளில்தான் விளையாட்டு இருக்கிறது. எம்.பி. அண்ட் எஃப் 2011ல், ஜெட் எஞ்சின் மாதிரி இருக்கும் தன் வாட்ச்சின் மேல் ஒரு குட்டிப் பாண்டாவை உட்காரவைத்து ஓட்டவிட்டது. ரஷ்யரான கான்ஸ்டன்டின் சாய்கின் டயலையே முகமாக்குபவர்: ஒரு கண் மணி, ஒரு கண் நிமிடம், வாய்க்குள் நாக்கு மாதிரி நிலா. 2017 ஏலத்துக்கு அவர் கொடுத்தது ஒரு கோமாளி முகம். கைக்கு அழகா என்றால் தெரியாது, குழந்தைகள் சிரிக்கும்.

அந்த ஐந்து விரல் வாட்ச் கதை என்ன?

இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்கு அவர் மனைவி ஒரு ஜூர்ன் வாட்ச் பரிசளித்தார். அந்தப் பழக்கத்தில் 2012ல் கொப்போலா ஜூர்னைக் கலிபோர்னியாவில் உள்ள தன் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டார்: மனிதக் கையை வைத்து யாராவது மணி காட்டியிருக்கிறார்களா?

விளையாட்டுக் கேள்விதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விரல் ஐந்து, மணி பன்னிரண்டு. ஒன்று முதல் ஐந்து வரை விரலை நீட்டிவிடலாம், ஆறுக்கு என்ன செய்வது? ஜூர்ன் கண்ட வழி: ஆறிலிருந்து எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தெந்த விரல் நீண்டிருக்கிறது, எது மடங்கியிருக்கிறது என்ற சேர்க்கையை வைத்து மணி சொல்வது. டயல் நடுவில் ஓர் உலோகக் கை. அதன் விரல்கள் மணிக்கு ஒரு முறை வெளியே வருகின்றன, உள்ளே மறைகின்றன. நிமிடத்தை ஓரத்தில் சுற்றும் வளையம் காட்டுகிறது.

(நம் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு கையிலேயே பன்னிரண்டு. ஆனால் அதை மெஷினில் எப்படிக் காட்டுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

கையின் உருவத்தை ஜூர்ன் பிடித்தது பதினாறாம் நூற்றாண்டிலிருந்து. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, போரில் கை இழந்தவர்களுக்காக ஓர் இயந்திரக் கையை வடிவமைத்தார்; உள்ளே ஸ்பிரிங்கும் பல்லும் வைத்து விரல் மடங்கும்படி செய்த இரும்புக் கை. இழந்த கைக்கு மாற்றாக ஒரு மருத்துவர் யோசித்த பொருள், ஐந்து நூற்றாண்டு கழித்து, சிறுவர்களின் தசையைத் தின்னும் நோய்க்குப் பணம் திரட்ட வந்து நிற்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை.

வேலையின் சிரமம் வேறு. ஒரே ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில்தான் எல்லாம் ஓடவேண்டும். விரல்களைத் தள்ளும் நேரத்தில் ஓட்டத்துக்குப் பலம் குறைந்தால் நேரம் தப்பும். கேஸ் வேறு டான்டலம் என்ற உலோகம். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் அழகாக இருக்கும், ஆனால் உருக 3,000 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். கடைசலில் பிடித்தால் வெட்டும் ஊசியிலேயே பசை மாதிரி ஒட்டும். கேள்வி பிறந்ததிலிருந்து வாட்ச் பிறக்க ஒன்பது ஆண்டு ஆனது. 2021 நவம்பரில் 45 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது.

சின்னப் பட்டறைக்கு ஒரு வாட்ச் கொடுப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

படெக் பிலிப் ஆண்டுக்குப் பல்லாயிரம் வாட்ச் செய்கிறது. அதில் ஒன்றைக் கொடுப்பது, கல்யாணப் பந்தியில் ஒரு இலை கூடப் போடுவது மாதிரி. ஜூர்ன் பட்டறையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குள். வூட்டிலைனன் ஆண்டுக்குச் செய்வது ஐம்பது, அறுபதுதான். பிலிப் டுஃபோர் என்ற பெரியவர் தன் புகழ்பெற்ற ‘சிம்ப்ளிசிட்டி’ வாட்ச்சை வாழ்நாளில் சுமார் இருநூறுதான் செய்தார். இந்த அளவில் வேலை செய்பவர் ஒன்றைக் கொடுப்பது பந்தி இலை இல்லை, வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்து அள்ளிக் கொடுப்பது. வாங்கக் காத்திருக்கும் ஒருவரின் முறையும் தள்ளிப்போகிறது.

என் சிறு வயதில் எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பெட்டிக்கடை அகலத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை இருந்தது. அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டி, வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹேர் ஸ்பிரிங்கை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிசு. “தம்பி, மூச்சை இந்தப் பக்கம் விடாதே” என்றார். அரை நாள் அதற்குப் போனது, கூலி பத்து ரூபாயோ பதினைந்தோ. வாட்ச்மேக்கர் ஒருவர் எதையாவது தானம் செய்கிறார் என்றால் அந்த மாதிரி அரை நாள்களைத்தான் தானம் செய்கிறார் என்று எனக்குப் படுகிறது. தங்கமும் வைரமும் கடையில் கிடைக்கும்.

ஏலத்திலேயே அதிக விலை எது?

2019 நவம்பர் 9, ஜெனீவா. படெக் பிலிப்பின் ‘கிராண்ட்மாஸ்டர் சைம்’ 6300ஏ. 3.1 கோடி சுவிஸ் பிராங்க், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 220 கோடி ரூபாய். ஏலத்தில் விற்ற கைக்கடிகாரங்களில் அதுவரை இல்லாத விலை. மதிப்பீடு 25 முதல் 30 லட்சம் பிராங்க்தான்; பத்து மடங்கு போய்விட்டது. அந்த ஆண்டு மொத்த வசூலே 3.86 கோடி பிராங்க் என்றால் இந்த ஒன்று எவ்வளவு அடைத்துக்கொண்டது என்று பாருங்கள்.

அது தங்கமா, பிளாட்டினமா?

எவர்சில்வர்! சரி, வாட்ச்சுக்குப் பயன்படுத்தும் தரமான எஃகு. இருபது விதமான வேலைகள் செய்யும், கேஸைத் திருப்பினால் பின்னாலும் ஒரு டயல் இருக்கும், மணி அடித்துச் சொல்லும். இதையெல்லாம் படெக் வழக்கமாகத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும்தான் செய்யும். எஃகில் செய்யவே செய்யாது என்பதால், எஃகில் ஒன்று செய்தால் சேகரிப்பவர்களுக்குத் தலைகால் புரிவதில்லை. டயலிலேயே ‘ஒன்றே ஒன்று’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

2015ல் படெக்கின் எஃகு 5016ஏ 73 லட்சம் பிராங்க், 2024ல் எஃகு 6301ஏ 1.57 கோடி. தங்க நகைக்கடையில் எவர்சில்வர் தட்டுக்கு அடிதடி நடப்பது மாதிரிதான் இந்தச் சந்தை.

என்னைக் கேட்டால், அதைவிட வேடிக்கை 2015ல் டியூடர் கம்பெனி கொடுத்த ‘பிளாக் பே ஒன்’. 3,500 முதல் 4,500 பிராங்க் போகும் என்று போட்டிருந்தார்கள். போனது 3,75,000.

சுயேச்சைகளின் வாட்ச் எவ்வளவு போகிறது?

ஜூர்னை மட்டும் பார்த்தாலே காலம் எப்படி மாறியது என்று தெரியும். 2017ல் 11.5 லட்சம் பிராங்க். 2019ல் 18 லட்சம். 2021ல் மேலே சொன்ன கை வாட்ச், 45 லட்சம்.

2024ல் எல்லோரும் பேசியது ரெஜெபியைப் பற்றி. அவர் கொடுத்தது காந்தத்துக்கு அசையாத ஒரு வாட்ச். ஸ்பீக்கர் பக்கத்திலோ போன் கவர் காந்தத்திலோ பட்டு உங்கள் கீ வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால், ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று அர்த்தம். அதைத் தடுக்க மெஷினைச் சுற்றி உள்ளே இன்னொரு இரும்புக் கூடு வைப்பது பழைய உத்தி. ரயில்வேக்காரர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் செய்த முரட்டு வாட்ச்களில் இருந்தது. ரெஜெபி அதை எடுத்து நுணுக்கமாகச் செய்தார். வெளியே பார்த்தால் மூன்று முள்ளும் வெறும் டயலும்தான். 21 லட்சம் பிராங்க். ஜெனீவாவுக்கு அகதிச் சிறுவனாக வந்தவர், அதே ஜெனீவாவில், தான் தொழில் பழகிய கம்பெனியோடு ஒரே மேடையில்.

ஏலக் கம்பெனிக்குக் கமிஷன் போகாதா?

சாதாரண ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கால் பங்கு வரை கூடுதலாகக் கட்டவேண்டியிருக்கும். கிறிஸ்டீஸ் நடத்திய ஒன்லி வாட்ச் ஏலங்களில் அதை வாங்கவில்லை. 3.1 கோடி என்றால் சுத்தியல் விழுந்ததும் 3.1 கோடிதான்.

அப்படியானால் உண்மையில் தானம் செய்தது யார்? செய்தவரா, வாங்கியவரா?

பணம் வாங்கியவருடையது, பொருள் செய்தவருடையது. வாங்கியவர் பணத்துக்குப் பதிலாகப் பின்னாளில் விலை ஏறக்கூடிய ஒரு சொத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். செய்தவர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, பெயரைத் தவிர. என் ஓட்டு செய்தவருக்கு. ஆனால் மதிப்பீட்டுக்குப் பத்து மடங்கு கொடுத்தவரைத் தானம் செய்யவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை.

இதெல்லாம் விளம்பரம்தானே?

ஆமாம், விளம்பரமும்தான். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இந்த ஏலமோ இடது கையில் கட்டியிருப்பதை ஊரெல்லாம் பார்ப்பதால்தான் நடக்கிறது. ஒரு சுயேச்சையின் வாட்ச் இங்கே பத்து லட்சம் பிராங்கைத் தாண்டினால் மறுநாளே அவருடைய பழைய வாட்ச்களின் சந்தை விலை நிமிரும். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதியிருந்தாலும் வெளிச்சம் வரத்தானே செய்கிறது. வெளிச்சம் வருகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். அடுத்த கேள்வி அதுதான்.

2023ல் ஏதோ கணக்குத் தகராறு என்று படித்தேனே?

2023 நவம்பரில் நடக்கவேண்டிய ஏலம் அது. வாட்ச்களெல்லாம் அறிவித்தாயிற்று. அதற்குள் சேகரிப்பாளர்கள் மத்தியில் கேள்வி எழுந்தது: 2005லிருந்து வந்த பணத்தில் ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவானது, மீதி எங்கே இருக்கிறது, பெட்டாவினோ தொடங்கிய சங்கத்தின் கணக்கு ஏன் எல்லோரும் பார்க்கும்படி இல்லை? முதலில் சமூக ஊடகத்தில்தான் கிளம்பியது, பிறகு வாட்ச் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஓடுமார் பிகே கம்பெனி அந்த ஆண்டு ஏலத்திலிருந்து விலகியது. அக்டோபர் இறுதியில் ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. சங்கம் கணக்குகளை வெளியிட்டது. மருந்துச் சோதனை என்பது பல ஆண்டுக்குப் பணம் கேட்கும் வேலை, அதற்காகத்தான் இருப்பு வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் தரப்பு. ஏலம் 2024 மே 10ல் நடந்தது, வசூல் 2.83 கோடி பிராங்க்.

கேட்டது சரிதான் என்பது என் கட்சி. நோயுற்ற குழந்தையின் பெயர் சொன்னதும் கணக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சம் நல்லவருக்கும் உதவாது. ஊர்த் திருவிழா முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறோமே, அதில் யாருக்கும் அவமானம் இல்லை. இருபது ஆண்டுக்குள் ஒட்டியிருக்கவேண்டிய நோட்டீஸ், கொஞ்சம் தாமதமாக ஒட்டினார்கள். விலகிய பெரிய கம்பெனிக்கு அந்த வாட்ச்சை விற்க வேறு வழி உண்டு. ஏற்கெனவே ஆறு மாதம் உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்த சின்னப் பட்டறைக்காரர் என்ன செய்திருப்பார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி என்ன மாதிரி?

பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நடந்தது முக்கியமான வேலை. அதன் அடிப்படையைத் தமிழிலேயே சொல்லிவிடலாம்.

மரபணுவை உடம்பு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

மரம் படம் கடல் வயல்

இதில் ‘ப’ என்ற ஓர் எழுத்து விழுந்துவிட்டது. உடம்புக்கு இடைவெளி தெரியாது, மூன்று மூன்றாகத்தான் படிக்கும்:

மரம் டம்க டல்வ யல்

பிழை ஓர் இடத்தில்தான், ஆனால் அதற்குப் பிறகு எல்லாமே உளறல். டூஷேன் வருவது பெரும்பாலும் இப்படித்தான். இப்போது ‘டம்’ என்று மிஞ்சிய துண்டையும் சேர்த்து மறைத்துவிட்டால்?

மரம் கடல் வயல்

ஒரு சொல் குறைவு, மற்றதெல்லாம் அர்த்தத்தோடு இருக்கிறது. உடம்பு கொஞ்சம் குட்டையான டிஸ்ட்ரோபினைச் செய்யும். முழுசு இல்லாவிட்டாலும் வேலைக்கு ஆகும். அப்படி ஒரு துண்டை மறைக்க, அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் செயற்கை மூலக்கூறு வேண்டும். ‘ட்ரைசைக்ளோ டி.என்.ஏ.’ என்ற வகை மூலக்கூறை இந்தச் சங்கத்தின் பணம் பல ஆண்டாக வளர்த்தது. இதயத் தசை வரை போய்ச் சேரும் என்பது அதன்மேல் உள்ள நம்பிக்கை. 2023ல் பிரான்சில் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. குணமாக்கிவிட்டார்கள் என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள், அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இதே உத்தியில் வேறொரு மருந்துக்கு அமெரிக்கா 2016ல் அனுமதி கொடுத்தது. 2023ல் அங்கே அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையின் விலை, ஒரு குழந்தைக்கு, 32 லட்சம் டாலர். அதன் பலன், பாதுகாப்பு பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் ஓடுகிறது. ஒரு வாட்ச் 21 லட்சம் பிராங்கா என்று வாயைப் பிளக்கும்போது இந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாங்கியவர் கையில் கட்டுவாரா, லாக்கரில் வைப்பாரா?

பெரும்பாலானவை லாக்கருக்குத்தான் போகும் என்பது என் ஊகம். ஆனால் மெக்கானிகல் வாட்ச் சேலை மாதிரி, மடித்து வைத்தே கெடுக்கலாம். எண்ணெய் காலப்போக்கில் பிசினாகும். அவ்வப்போது யாராவது எடுத்துக் கீ கொடுத்து ஓடவிட்டால் நல்லது.

நம்மால் நேரில் பார்க்க முடியுமா?

ஏலத்துக்கு முன் வாட்ச்களை ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டு போவது வழக்கம். சிங்கப்பூர், துபாய் வழியாகவும் போயிருக்கிறது; அங்கே சொந்தக்காரர் இருந்தால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். ஏலத்தையே இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம், காசு கிடையாது, கையைத் தூக்கினாலும் யாரும் எழுதிக்கொள்ளமாட்டார்கள். அந்த ஐந்து விரல் வாட்ச்சின் வீடியோவைத் தேடிப் பார்ப்பவர்கள் நிமிட வளையத்தைக் கவனியுங்கள். அறுபதை நெருங்கும்போது கண்ணை எடுக்கவேண்டாம். விரல் மாறுவது மணிக்கு ஒரு முறைதான்.